ஜோசப் ரோத்தின் பேரரசு – கடிதம்

வணக்கம் சார்,

உங்கள் உரை ஒன்றைக் கேட்டுவிட்டு ஆஸ்திரிய எழுத்தாளர் ஜோசப் ரோத்தின் ‘ராடெட்ஸ்கி மார்ச்’ நாவலை ஆங்கிலத்தில் வாசித்தேன். முடித்தபோது மனம் கனத்துவிட்டது. ஆனாலும் ஒரு நெருடல். ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசு அழிந்ததற்காக இவ்வளவு உருக வேண்டுமா? அடிமைப்பட்டுக் கிடந்த நாட்டில் பிறந்த நாம் இதை எப்படி எடுத்துக்கொள்வது? பழம்பெருமைதானே இது?

எம்.

அன்புள்ள எம்.,

நாவலின் முதல் அத்தியாயத்தை மட்டும் இன்னொரு முறை வாசியுங்கள். 1859, வட இத்தாலியின் சோல்ஃபெரினோ போர்க்களம். இளம் பேரரசர் ஃப்ரான்ஸ் ஜோசப் தொலைநோக்கியைக் கண்ணுக்குக் கொண்டுபோகிறார். எதிரி குறிபார்க்க அது போதும். ஸ்லோவேனியக் குடியானவர் வம்சத்தில் வந்த லெப்டினன்ட் ட்ரோட்டா பாய்ந்து அவர் தோளைப் பிடித்துத் தரையில் தள்ளுகிறார். குண்டு ட்ரோட்டாவின் தோளில் இறங்குகிறது. பிரபுப் பட்டம் கிடைக்கிறது.

பிறகு ஒருநாள் மகனின் பாடப்புத்தகத்தைப் புரட்டுகிறார். அதில் எதிரிக் குதிரைப்படை பேரரசரைச் சூழ்ந்து நிற்கிறது, ட்ரோட்டா குதிரையில் வாள் சுழற்றி வந்து மீட்கிறார். இவரோ காலாட்படைக்காரர்! பொய்யை நீக்கச் சொல்லிப் பேரரசர்வரை போகிறார். நம் இருவருக்குமே இதில் கெட்ட பெயர் இல்லையே, விட்டுவிடுங்கள் என்கிற மாதிரி பதில் வருகிறது. ட்ரோட்டா ராணுவத்தை விட்டே விலகிவிடுகிறார்.

வெறும் பழம்பெருமை பேச நினைப்பவர் அந்தப் பொய்யிலிருந்தா கதையைத் தொடங்குவார்? மூன்றாம் தலைமுறை ட்ரோட்டா, எல்லைப்புற ஊரில் வேலைநிறுத்தம் செய்யும் பன்றிமுடித் தொழிற்சாலைக் கூலிகள்மேல் சுட ஆணையிடுகிறான். தூசியை மூச்சோடு இழுத்து ரத்தம் துப்பும் மனிதர்கள் அவர்கள். அந்தச் சாவுகளைப் பிறகு கோப்புகள் விழுங்கிவிடுகின்றன. இதையெல்லாம் எழுதிய கை பேரரசின் கணக்கை மறைத்த கை அல்ல.

ஆனால் துக்கம் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ரோத் 1894இல் பேரரசின் கிழக்கு மாகாணமான கலீசியாவின் ப்ரோடியில் பிறந்த யூதர். இன்று அந்த ஊர் உக்ரைனில் இருக்கிறது. 1918இல் பேரரசு சிதறியதும் போலந்துக்காரருக்கு ஒரு நாடு கிடைத்தது, செக்குகளுக்கு ஒரு நாடு கிடைத்தது. ஜெர்மனில் எழுதும் ப்ரோடி யூதருக்கு? நாவல் வந்தது 1932இல். மறு ஆண்டு ஜனவரி 30, ஹிட்லர் பதவியேற்ற அன்றே ரோத் பெர்லினை விட்டுக் கிளம்பிவிட்டார். வாசலில் எது வந்து நிற்கிறது என்று தெரிந்துகொண்டுதான் அவர் பழைய வீட்டைத் திரும்பிப் பார்க்கிறார்.

எனக்கு மிகப் பிடித்த இடம், ராணுவப் பயிற்சியைப் பார்வையிட வரும் கிழப் பேரரசரை யூதர்கள் வரவேற்பது. ஒரு முதியவர் அவரை ஆசீர்வதித்து, உலகத்தின் அழிவை நீ பார்க்க மாட்டாய் என்கிறார். தெரியும் என்று பேரரசர் மனசுக்குள் நினைத்துக்கொள்கிறார். பிறகு அவர் மூக்கு நுனியில் ஒரு துளி நீர் திரள்கிறது. சுற்றி நிற்பவர்கள் எல்லாம் அது எப்போது விழும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவருக்கு மட்டும் தெரியாது. அந்த ஒரு துளியில் மூப்பும் பரிதாபமும் அதிகாரத்தின் வெறுமையும் சேர்ந்தே தொங்குகின்றன. இவ்வளவு கிட்டே போய்ப் பார்க்கிறவரைத் துதிபாடி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

1938இல் வந்த ரோத்தின் ‘கபூச்சின் கல்லறை’ நாவலுக்கு உங்கள் விமர்சனம் ஓரளவு பொருந்தும். அதற்குள் ரோத் வெளிப்படையான முடியாட்சி ஆதரவாளராகிவிட்டார், பார்வையின் கூர்மையும் அதில் குறைவு.

நீங்கள் அடுத்து வாசிக்க வேண்டியது ‘பேரரசரின் மார்பளவுச் சிலை’ என்ற கதை. போர் முடிந்து கிராமம் போலந்துக்குப் போன பிறகும் மோர்ஸ்டின் பிரபு தன் வீட்டு முன்னால் அந்த மணற்கல் சிலையை வைத்திருக்கிறார். கிராமத்து இளைஞன் ஒருவன் செதுக்கியது, வேலைப்பாடு ஒன்றும் பிரமாதமில்லை. எடுத்துவிடச் சொல்லி அதிகாரியின் உத்தரவு வருகிறது. பிரபு ஒரு சவப்பெட்டி செய்யச் சொல்கிறார். சிலையை அதில் கிடத்தி, ஊரே கூடி இடுகாட்டுக்கு எடுத்துப்போகிறது. கத்தோலிக்கப் பாதிரியார், கிரேக்கக் கத்தோலிக்கப் பாதிரியார், யூத ரபி, மூவரும் அந்தச் சவ அடக்கத்துக்கு வருகிறார்கள்.