சீனிக்குப் பார்த்த ரத்தம்

கேள்வி: எனக்கு 63 வயது. அரச உத்தியோகத்திலிருந்து பென்சன் எடுத்துவிட்டேன். பிள்ளைகள் இருவரும் கனடாவில். இளவயதிலிருந்தே என் நாட்டம் ஆண்களில்தான். வீட்டார் சொல்லுக்காகக் கல்யாணம் செய்தேன். மனைவியை ஒரு குறையும் இல்லாமல் பார்க்கிறேன். எப்போதாவது உறவும் உண்டு. பல வருடமாக ஒரு நண்பர் இருக்கிறார், அவரும் குடும்பஸ்தர். பென்சனுக்குப் பிறகு போன் வழியாகப் பழகிய வேறு சிலரும் உண்டு. கடைசியாகப் போன மாதம் ஒருவரைச் சந்தித்தேன். ஆணுறை பாவித்துப் பழக்கமில்லை. சலரோகத்துக்கும் பிரஷருக்கும் மனைவியோடு பெரியாஸ்பத்திரிக்குப் போய் மூன்று மாதத்துக்கொருக்கால் ரத்தம் சோதிக்கிறேன், பிழை ஒன்றுமில்லை. எச்.ஐ.வி. வராமல் தடுக்க ஒரு மாத்திரை இருக்கிறதாமே, என் வயதுக்கும் தருவார்களா?
– பெயர் வேண்டாம், வலிகாமம்

பதில்: ஐயா, மாத்திரைக்குப் பிறகு வருகிறேன். "ரத்தம் சோதிக்கிறேன், பிழை ஒன்றுமில்லை" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. அந்த ரத்தத்தில் சீனியைப் பார்த்தார்கள், கொழுப்பைப் பார்த்தார்கள். எச்.ஐ.வி.யை யாரும் பார்க்கவில்லை. அதைத் தனியாக, உங்கள் சம்மதம் கேட்டுத்தான் சோதிப்பார்கள். நீங்களும் கேட்கவில்லை. திருநீறு பூசி, மனைவிக்குப் பக்கத்தில் வாங்கிலில் இருக்கிற பெரியவரிடம் இதைக் கேட்க எந்த டொக்டருக்கும் தோன்றியிருக்காது.

இதே கடிதம் வேறு வேறு கையெழுத்தில் எனக்கு எத்தனையோ முறை வந்திருக்கிறது. மெலிந்தால் சீனி என்பார்கள், அக்கி போட்டால் வயது என்பார்கள். வயதானவர்களுக்கு இந்தத் தொற்று பிந்தித் தெரியவருவது இப்படித்தான். அதற்குள் உடம்பின் எதிர்ப்புச் சக்தி விழுந்துவிடும், இளையவர்களை விட வேகமாக.

"ஒரு குறையும் இல்லாமல்" மனைவியைப் பார்க்கிறீர்களாம். உங்களுடைய ஆபத்து எதுவென்று நீங்கள் அறிந்துதான் நடக்கிறீர்கள். அவருக்கு அது தெரியாது. மாதவிடாய் நின்ற பெண்ணின் உள்தோல் மெலிந்து உலர்ந்திருக்கும், கிருமி தொற்ற அது இன்னும் வசதி. நீங்கள் ஆணை விரும்புவதை நான் குற்றமாக நினைக்கவில்லை. அதை அவரிடம் சொல்வதா விடுவதா என்பதும் உங்கள் முடிவு. ஆனால் அவருடைய உடம்புக்கு வரக்கூடியதை அவரிடமிருந்து மறைக்க உங்களுக்கு உரிமையில்லை. தாலி கட்டியவனுக்கு அந்தக் கடமை இருக்கிறது என்று நான் நம்புகிறேன். சோதனை முடிந்து முடிவு தெளிவாகும்வரை ஆணுறை இல்லாமல் அவரிடம் போகாதீர்கள். தொற்று இருப்பதாக வந்தால் அவரிடம் சொல்லி, அவரையும் சோதனைக்குக் கூட்டிப்போங்கள்.

யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலேயே பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையம் இருக்கிறது. காசு இல்லை, விபரம் வெளியே போகாது. ஆணும் ஆணும் உறவு கொள்வதைக் குற்றமாக்கும் 365, 365அ சட்டப் பிரிவுகள் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து இன்னும் புத்தகத்தில் கிடக்கின்றன என்பது எனக்கும் தெரியும். ஆனால் அது சிகிச்சை நிலையம், பொலிஸ் நிலையமல்ல. டொக்டரிடம் ஒளிக்காமல் பேசுங்கள். போன மாதத் தொடர்பு இன்றைய சோதனையில் தெரியாமலும் போகலாம். இப்போது ஒருமுறை, அந்தச் சந்திப்பிலிருந்து மூன்று மாதம் கடந்ததும் இன்னொருமுறை சோதியுங்கள்.

மாத்திரைக்கு வயது எல்லை இல்லை. அதன் பெயர் பிரெப். தொற்று இல்லை என்று சோதித்த பிறகே தொடங்குவார்கள். அதில் பொதுவாக இருக்கும் டெனோஃபோவிர் என்ற மருந்து சிலருக்குச் சிறுநீரகத்தைப் பாதிக்கும். சலரோகமும் பிரஷரும் உள்ள நீங்கள் சிறுநீரகத்தைச் சோதிக்காமல் அதைத் தொடக்கூடாது. கனடாவிலிருந்து யாரையும் கொண்டு அனுப்புவிக்கவும் வேண்டாம். சிபிலிஸ், கொனோரியா போன்ற மற்றப் பாலியல் நோய்களை இந்த மாத்திரை தடுக்காது, ஆணுறையும் வேண்டும். தேங்காய் எண்ணெய், வாஸ்லின் பட்டால் ஆணுறை கிழியும். நீர்த்தன்மையான வழுக்குப் பசைதான் பாவிக்க வேண்டும். இனிமேல் எப்போதாவது பாதுகாப்புத் தவறினால் 72 மணித்தியாலத்துக்குள் அந்தச் சிகிச்சை நிலையத்துக்கு ஓடுங்கள். அதற்கு 28 நாள் மருந்து இருக்கிறது.

தொற்று இருந்தாலும் சிகிச்சை இலவசம். மருந்தை ஒழுங்காக எடுத்து, ரத்தத்தில் கிருமி அளவிட முடியாத நிலைக்கு இறங்கி அப்படியே நின்றால், உறவின் மூலம் மற்றவருக்குத் தொற்றாது.

அடுத்த கிளினிக் நாள்வரை பொறுக்க வேண்டாம். இந்தக் கிழமையே போங்கள். போகும்போது அந்த நண்பரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் வீட்டிலும் ஒரு பெண் இருக்கிறாள்.