வேலை பார்த்துக்கொண்டே சட்டப் படிப்புக்குத் தயாராவது: நீலகிரியிலிருந்து சில கேள்விகள்

நான்கு ஆண்டுகள் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதிவிட்டு, அதன்பிறகு கோவை அரசு சட்டக் கல்லூரியில் மூன்றாண்டு எல்.எல்.பி. படித்தவள் நான். இப்போது ஊட்டி நீதிமன்றத்தில் வழக்கறிஞர். பட்டம் முடித்து வேலையில் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

அக்கா, பி.காம். முடித்துக் கோத்தகிரியில் தேயிலைத் தொழிற்சாலையில் இருக்கிறேன். கிளாட் கோச்சிங் சேரட்டுமா?

வேண்டாம் தம்பி. கிளாட் என்பது தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் சேர, பிளஸ் டூ முடித்தவர்கள் ஐந்தாண்டுப் படிப்புக்கும், சட்டம் முடித்தவர்கள் மேற்படிப்பான எல்.எல்.எம்.முக்கும் எழுதும் நுழைவுத் தேர்வு. நம் அரசு சட்டக் கல்லூரிகளின் மூன்றாண்டுப் படிப்புக்கு நுழைவுத் தேர்வே கிடையாது. அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் பட்டப் படிப்பின் மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசை போடுகிறது. மதிப்பெண் குறைவு என்று தோன்றினால் வெளி மாநிலங்களையும் பாருங்கள். பெங்களூரு தேசிய சட்டப் பள்ளி 2022 முதல் மூன்றாண்டுப் படிப்பு நடத்துகிறது, அதற்குத் தனித் தேர்வு. பக்கத்துக் கேரளாவிலும் தனியாக ஒரு நுழைவுத் தேர்வு உண்டு.

குன்னூரில் வேலை. வேலையை விடாமல் படிக்க முடியுமா? தேர்வுக்கு மட்டும் வந்தால் போதும், மற்றதைப் பார்த்துக்கொள்கிறோம் என்கிறார் ஒரு ஏஜென்ட்.

அவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். சட்டப் படிப்பையும் வழக்கறிஞர் தொழிலையும் ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சிலின் 2008 விதிகளின்படி ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீத வருகை வேண்டும், வாரத்துக்கு 30 மணி நேரம் வகுப்பு. தொலைதூரக் கல்வியில் படித்த சட்டப் பட்டத்தை வைத்து வழக்கறிஞராகப் பதிவு செய்ய முடியாது. குறுக்கு வழியில் வாங்கிய பட்டம் என்றைக்கு உங்கள் காலை வாரும் என்று சொல்லவே முடியாது.

வீட்டிலிருந்தே போய்வரலாம் என்று நானும் ஒரு மாதம் முயன்றேன். விடியும் முன்பே பஸ். பர்லியாறு வரைக்கும் ஜன்னல் கண்ணாடியில் ஈரம் வழியும். மேட்டுப்பாளையத்தில் ஸ்வெட்டரைக் கழற்றிப் பையில் திணித்துக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்கு ஓடுவேன். மருதமலை சாலையில் இறங்கும்போது முதல் வகுப்பு பாதி முடிந்திருக்கும். இரவு வீடு திரும்பினால் புத்தகத்தைத் திறக்கவே உடம்பில் தெம்பு இருக்காது. கடைசியில் கோவையில் அறை எடுத்தேன். ஆகவே இப்போது வாங்கும் சம்பளத்தில் மூன்று ஆண்டு வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் சேர்த்து வையுங்கள். இந்த ஆண்டுகளில் செய்ய வேண்டிய பெரிய தயாரிப்பு அதுதான். ஒன்று மட்டும்: கல்லூரியில் இடம் கைக்கு வந்த பிறகே ராஜினாமா கடிதம் கொடுங்கள்.

கூடலூரிலிருந்து: பிளஸ் டூவுக்குப் பிறகு அஞ்சல் வழியில் பி.ஏ. முடித்தேன். செல்லுமா?

செல்லும். பிளஸ் டூ இல்லாமல் நேரடியாகத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கியவர்களுக்குத்தான் சிக்கல். நீங்கள் தயங்காமல் விண்ணப்பியுங்கள். உங்கள் ஊரின் ஜென்ம நிலப் பிரச்சினை, அதாவது ஜென்மிகள் என்ற பரம்பரை நிலவுடைமையாளர்களிடம் இருந்த நிலங்களைப் பற்றிய தகராறு, அந்த உடைமை முறையை ஒழிக்க 1969ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகும் தீர்ந்தபாடில்லை. அந்த மண்ணிலிருந்தே வழக்கறிஞர்கள் நிறைய வர வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன்.

என்னென்ன சான்றிதழ்களைத் தயாராக வைக்க வேண்டும்?

பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, எல்லா செமஸ்டர் மதிப்பெண் பட்டியல்கள், பட்டச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ். எல்லாமே அசல் உங்கள் கையில் இருக்க வேண்டும். நான் வேலை பார்த்த இடத்தில் அசல்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். கெஞ்சித் திருப்பி வாங்குவதற்குள் கடைசித் தேதி முடிந்து ஒரு வருடம் வீணானது. அப்புறம், நம் மலையில் பீரோவுக்குள்ளேயே பூஞ்சை பிடிக்கும். என் மூன்றாம் செமஸ்டர் பட்டியல் பிளாஸ்டிக் உறையோடு ஒட்டிக்கொண்டு, பிரித்தபோது மையும் கூடவே வந்துவிட்டது. மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை எடுத்து வெயில் காட்டுங்கள்.

எனக்கு 39 வயது, ஆங்கிலமும் சுமார். இப்போதே என்ன படிக்கலாம்?

நம் மாநிலத்தில் மூன்றாண்டுப் படிப்பில் சேர அதிகபட்ச வயது வரம்பு இல்லை, கவலைப்படாதீர்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் சில தமிழிலும் இணையத்தில் கிடைக்கின்றன. ஒரு தீர்ப்பைத் தமிழில் படித்துவிட்டு, அதையே ஆங்கிலத்தில் படியுங்கள். எனக்கு ஆங்கிலம் பிடிபட்டது இப்படித்தான். உக்கடத்தில் மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய இந்திய தண்டனைச் சட்டப் புத்தகத்தை வாங்கிவிடாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. 511 பிரிவுகள் 358 ஆகிவிட்டன.

இன்னொன்று. ஒரு வேலை நாளில் விடுப்பு எடுத்து ஊட்டி நீதிமன்றத்துக்கு வாருங்கள். பின்வரிசையில் உட்கார்ந்து ஒரு குறுக்கு விசாரணையை முழுதாகக் கேளுங்கள். உள்ளே வரும் முன் போனை மட்டும் அணைத்துவிடுங்கள்.