டிரோன் எந்தப் பக்கம் போகும்? சுங்கை சிப்புட் வாசகர்களுக்குப் பதில்கள்

மருந்தடிக்கும் டிரோனுக்கு வரைபடத்திலேயே பாதை போட்டுத்தானே அனுப்புகிறோம்? அப்புறம் அது எங்கே போகும் என்று ஏன் கணிக்க வேண்டும், ஐயா?
(செம்பனைத் தோட்ட மண்டோர்)

நீங்கள் போட்டது போக வேண்டிய பாதை. போகிற பாதையைக் காற்றும் சுமையும் சேர்ந்து கொஞ்சம் மாற்றிவிடும். 20 லிட்டர் தொட்டி நிறைந்திருக்கும்போது நிரையின் கடைசியில் டிரோன் நின்று திரும்பக் கூடுதல் தூரம் பிடிக்கும். தொட்டி காலியானதும் அதே டிரோன் சட்டென்று நிற்கும். சாதாரண ஜிபிஎஸ் சில மீட்டர் தவறிக் காட்டும். ஜிபிஎஸ் தவறைத் திருத்தி டிரோனுக்குச் சொல்லும் ஆர்டிகே நிலையத்தைத் தரையில் வைத்தால் அது சில சென்டிமீட்டராகக் குறையும்.

இதனால்தான் கணிப்பு மென்பொருள் ஒற்றைக் கோடு போடாமல், போகப் போக அகலமாகும் ஒரு பட்டையைக் காட்டுகிறது. அடுத்த 2 விநாடிக்குப் பட்டை ஒடுங்கியிருக்கும், 20 விநாடிக்கு நன்றாக விரிந்துவிடும். குலை வெட்டுபவர்களும் உதிரிப் பழம் பொறுக்குபவர்களும் அந்தப் பட்டைக்குள் இருக்கவே கூடாது. காலையில் வேலை பிரிக்கும்போதே அன்று டிரோன் பறக்கும் நிரைகளைச் சொல்லிவிடுங்கள்.

மேட்டு பிளாக்கில் சிக்னல் போனால் தானே திரும்பி வந்துவிடும் என்கிறார்கள். நம்பலாமா?
(டிரோன் ஓட்டுநர்)

திரும்பி வரும் உயரத்தை நீங்கள் சரியாக வைத்திருந்தால் நம்பலாம். நான் கேள்விப்படும் விபத்துகளில் பல இந்த இடத்தில்தான் நடக்கின்றன. பெரும்பாலான டிரோன்கள் உயரத்தைக் கிளம்பிய இடத்திலிருந்து அளக்கின்றன, கீழே இருக்கும் தரையிலிருந்து அளப்பதில்லை. ஆற்றோரம் நின்று 30 மீட்டர் என்று வைக்கிறீர்கள். நடுவில் இருக்கும் மேடு 25 மீட்டர், அதன்மேல் செம்பனை 12 மீட்டர், மொத்தம் 37. டிரோன் நேராகப் போய் மட்டையில் மோதும். வழியில் உள்ள மிக உயர்ந்த மேடு, அதன்மேல் மரம், அதற்கு மேல் இன்னும் 10 மீட்டர் என்று கூட்டி வையுங்கள்.

அடுத்தது எதிர்காற்று. விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் பறக்கும் டிரோனுக்கு 600 மீட்டர் தாண்ட 1 நிமிடம் போதும். எதிர்காற்று 8 மீட்டர் வேகத்தில் அடித்தால் மிஞ்சுவது 2 மீட்டர்தான், 5 நிமிடம் ஆகும். பேட்டரி அவ்வளவு நேரம் தாங்குமா? மத்தியானத்துக்கு மேல் மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வரும்போது, மழைக்கு முன்னாலேயே பலத்த காற்று வந்துவிடும். மழை விழட்டும் என்று காத்திருக்காதீர்கள், கறுக்கும்போதே இறக்கிவிடுங்கள். முடிந்தவரை போகும்போது எதிர்காற்றிலும் திரும்பும்போது காற்றோடும் வருகிற மாதிரி வேலையைத் திட்டமிடுங்கள்.

மாரியம்மன் கோயில் தீமிதியை மகன் மேலிருந்து படம் எடுக்க ஆசைப்படுகிறான். சின்ன டிரோன்தான்.
(ஒரு தாயார்)

கூட்டத்துக்கு மேலே வேண்டாம், அம்மா. 30 மீட்டர் உயரத்தில் டிரோன் செயலிழந்தால் சுமார் இரண்டரை விநாடியில் தரையில் விழும். விநாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தால் அதற்குள் 20 மீட்டர் முன்னால் போயிருக்கும். டிரோனுக்கு நேர் கீழே ஆள் இல்லை என்பது போதாது, அந்த 20 மீட்டரிலும் யாரும் இருக்கக் கூடாது. தீக்குழி மேல் எழும் சூடான காற்றும் சின்ன டிரோனைத் தூக்கி ஆட்டும். ஓரமாக, ஆள் இல்லாத பக்கம் நின்று சாய்வாக எடுக்கச் சொல்லுங்கள். 400 அடிக்கு மேலே பறக்க மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி வேண்டும். பறப்பதற்கு முன் ஆணையத்தின் மற்ற விதிகளையும் கோயில் நிர்வாகத்தையும் கேட்டுக்கொள்ளட்டும்.

பள்ளி அறிவியல் திட்டத்துக்கு டிரோன் பாதையைக் கணிக்க நினைக்கிறேன். எங்கே தொடங்குவது?
(படிவம் 4 மாணவர்)

நல்ல தலைப்பு, தம்பி. டிரோன் பதிவு செய்யும் பறப்புத் தரவை எடுத்துக்கொள். கடைசி இரண்டு இடங்களிலிருந்து வேகத்தையும் திசையையும் கண்டுபிடித்து, 1, 3, 5 விநாடி கழித்து எங்கே இருக்கும் என்று கணக்கிடு. பிறகு உண்மையில் எங்கே இருந்தது என்று ஒப்பிட்டுப் பார். நேராகப் பறக்கும்போது தவறு குறைவாக இருக்கும், திரும்பும் இடத்தில் சட்டென்று ஏறும். அது ஏன் என்று விளக்குவதே உன் திட்டத்தின் சாரம். அடுத்த படி கால்மன் வடிகட்டி, அதாவது கணிப்பையும் புதிய அளவீட்டையும் சேர்த்துத் திருத்திக்கொண்டே போகும் கணக்கு முறை. ருடால்ஃப் கால்மன் 1960இல் வெளியிட்ட இந்த முறை அப்பல்லோ விண்கலங்களின் வழிகாட்டலிலும் பயன்பட்டது. இரண்டு முறைகளின் தவறையும் ஒரே வரைபடத்தில் போட்டுக் காட்டு. பள்ளித் திடலில் பறக்கவிடும்போது ஆசிரியர் ஒருவர் கூட இருக்கட்டும்.