தேறி வரும்போது வரும் நடுக்கம்

வணக்கம். பதினொரு மாதத்துக்கு முன் காலி வீதியில் நான் போன ஓட்டோவை பஸ் இடித்தது. கால் எலும்பு பொருந்திவிட்டது. உளவளத்துணைக்கு ஆறு தரம் போயாச்சு, கெட்ட கனவும் குறைவு. இப்போதுதான் புதுக் கூத்து. பாத்திரம் கழுவும்போது பல் கிடுகிடுக்க நடுங்குது. போன கிழமை செத்தவீட்டில் சிரிப்பு வந்து பின்வாசலால் ஓடினேன். எனக்குப் பைத்தியம் பிடிக்குதா?
வாசகி, வெள்ளவத்தை

அன்புள்ள வாசகிக்கு,

இல்லை. விபத்துக்குப் பிறகு ஆஸ்பத்திரி, பொலிஸ், பிளாஸ்டர், ஊன்றுகோல் என்று நாள் போயிருக்கும். நடுங்கவும் அழவும் நேரம் இருந்திராது. இனி ஆபத்தில்லை என்று உடம்பு நம்பத் தொடங்கி, இறுக்கிப் பிடித்தது தளரும்போது இப்படிப் பலருக்கு வருகிறது. நடந்ததைக் கதைக்கத் தொடங்கிய கிழமைகளில் நடுக்கமும் கோபமும் அடித்துப்போட்ட மாதிரித் தூக்கமும் கொஞ்சம் கூடுவதும் வழமை. செத்தவீட்டுச் சிரிப்பும் அதே பதற்றம்தான். உங்களுக்குத் துக்கம் இல்லை என்று அதற்கு அர்த்தமில்லை. (சொந்தக்காரருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.)

ஆனாலும் எல்லாவற்றையும் மனதின் தலையில் கட்டிவிடக் கூடாது. தைரொய்ட் கூடினாலும், சீனி இறங்கினாலும், ஆஸ்துமா பம்ப் அடித்தாலும் கை நடுங்கும். ஒருமுறை இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். மனதுக்கென்று குளிசை எடுத்து, சுகம் என்று நீங்களாகவே நிறுத்தியிருந்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள். சிலவகைக் குளிசைகளைச் சடுதியாக விட்டால் தலைச்சுற்றும், மின்சாரம் அடித்தது போன்ற உணர்வும் வரும்.

நடுக்கம் வரும்போது அடக்கப் போராடாதீர்கள். அடுப்பை அணைத்துவிட்டு இருங்கள். இரண்டு பாதமும் நிலத்தில் படட்டும். கண்ணை மூட வேண்டாம், மூடினால் சிலருக்கு விபத்துக் காட்சிதான் வந்து நிற்கும். எதிரில் உள்ள ஐந்து பொருளின் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள். மூச்சை நான்கு எண்ணும்வரை இழுத்து ஆறு எண்ணும்வரை விடுங்கள். ‘ஆழமா மூச்செடு’ என்று பக்கத்தில் நிற்பவர்கள் சொல்வதைக் கேட்டு வேகமாக இழுத்து இழுத்து விடுவதுதான் பெரிய பிழை. இரத்தத்தில் கரியமிலவாயு குறைந்து விரல் நுனியும் உதடும் விறைக்கும், நெஞ்சு அடைக்கும், பயம் இரட்டிப்பாகும்.

உளவளத்துணைக்கு வெறுவயிற்றில் போகாதீர்கள். முடிந்த கையோடு சன நெரிசலான பஸ்ஸிலும் ஏறாதீர்கள், அரை மணித்தியாலம் எங்காவது இருந்துவிட்டுப் புறப்படுங்கள்.

நடக்கும்போது நெஞ்சு நோ, மயக்கம் வந்தால் 1990 அம்புலன்சைக் கூப்பிடுங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் தலைகாட்டினால் 1926 மனநல உதவி இலக்கத்துக்கு எடுங்கள், விடியும்வரை பார்த்திருக்க வேண்டாம்.

இன்னொன்று. ஏன் பாத்திரம் கழுவும்போது மட்டும்? எவர்சில்வர் தட்டு சிங்கில் விழும் சத்தம், இரும்பில் இரும்பு மோதும் சத்தம். அதுவாக இருக்கலாம். நாளைக்குச் சிங்கின் அடியில் ஒரு பழைய துவாயை விரித்துக் கழுவிப் பாருங்கள். வந்ததா, வரவில்லையா, எத்தனை நிமிடம் நின்றது என்று ஒரு கொப்பியில் எழுதி, அடுத்த தரம் போகும்போது உளவளத்துணையாளரிடம் காட்டுங்கள்.