பார்வையற்றவர்கள் படிக்கும்படி ஃபைல் செய்வது எப்படி? கேள்வி பதில்

பிறவியிலேயே எனக்குப் பார்வை கிடையாது. கம்ப்யூட்டரில் என்விடிஏ, போனில் டாக்பேக் என்று, திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருள்களை வைத்து நாள் முழுக்கக் காதால்தான் படிக்கிறேன். அடுத்தவர்கள் செய்த ஃபைல்களைச் சரிசெய்து கொடுப்பதுதான் பிழைப்பும். வந்த கேள்விகளுக்குப் பதில் கீழே.

கேள்வி: அண்ணா, சங்கத்து ஆண்டறிக்கையை பாமினியில் டைப் செய்து அனுப்பினேன். பார்வையற்ற உறுப்பினர் ஒருவர் ஒன்றுமே புரியவில்லை என்கிறார். என் திரையில் தமிழ் நன்றாகத்தானே தெரிகிறது?

பதில்: தெரியும், சிக்கலே அதுதான் தம்பி. பாமினி மாதிரி பழைய எழுத்துருக்களில் ஃபைலுக்குள் கிடப்பது ஆங்கில எழுத்துகள், மேலே தமிழ் உருவம் போர்த்தியிருக்கிறது, அவ்வளவுதான். 'தமிழ்' என்று நீங்கள் அடித்தது உள்ளே 'ஜே கே பி ஓ', கூடவே ஒரு செமிகோலன். அறிக்கை முழுக்க இப்படியே ஓடினால் யாருக்குத்தான் புரியும்? இலவச கன்வெர்ட்டரில் போட்டு யூனிகோடுக்கு, அதாவது தமிழைத் தமிழ் எழுத்தாகவே சேமிக்கும் முறைக்கு மாற்றுங்கள், மாற்றியபின் ஒருமுறை படித்துப் பாருங்கள், ஏனென்றால் நடுவில் இருக்கும் ஆங்கிலப் பெயர்களும் மின்னஞ்சல் முகவரிகளும் கன்னாபின்னாவென்று ஆகியிருக்கும். கை பாமினிக்கே பழகிவிட்டதென்றால் என்எச்எம் ரைட்டர் என்ற தட்டச்சு மென்பொருளில் அதே விசை அமைப்பில் யூனிகோட் அடிக்கலாம். தமிழக அரசு 2010லேயே யூனிகோடை ஏற்று ஆணை போட்டுவிட்டது. டிடிபி கடைகளுக்குத்தான் சேதி இன்னும் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது.

கேள்வி: சிற்றிதழ் நடத்துகிறேன். யூனிகோடில்தான் அடிக்கிறோம், ஆனாலும் பிடிஎஃப் ஆக்கியதும் சொற்கள் உடைந்து கேட்கின்றனவாம்.

பதில்: பிடிஎஃப் எழுத்தை நினைவில் வைப்பதில்லை, வரைந்த வரிசையில் உருவங்களை வைத்துக்கொள்கிறது. நாம் 'கொ' அடித்தால் காகிதத்தில் முதலில் வருவது கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். அதைத் திருப்பிச் சேர்க்கும் குறிப்பை ஃபைலுக்குள் எழுதிவைக்க வேண்டிய மென்பொருள்கள் பல தமிழுக்கு அதை ஒழுங்காகச் செய்வதில்லை. அதனால் 'கொடி' என்பது முன்னால் ஒரு அநாதைக் கொம்போடு 'காடி' என்று என் காதில் விழுகிறது. சோதிக்க எளிய வழி இருக்கிறது: பிடிஎஃபிலிருந்து ஒரு பத்தியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள், அங்கே சிதைந்திருந்தால் எங்களுக்கும் சிதைந்ததுதான். வேர்டில் 'பிரிண்ட்' கொடுத்து பிடிஎஃப் ஆக்காமல் 'சேவ் ஆஸ்' வழியாகப் போய், ஆப்ஷன்ஸில் ஆக்சசிபிலிட்டி டேக்ஸ் (எது தலைப்பு, எது பத்தி என்று எங்கள் மென்பொருளுக்குச் சொல்லும் குறிகள்) டிக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். அப்படியும் தமிழ் உடைந்தால் மல்லுக்கட்ட வேண்டாம், வேர்ட் ஃபைலையோ இபப் என்ற மின்னூல் வடிவத்தையோ கூடவே கொடுத்துவிடுங்கள். என்னைக் கேட்டால் தமிழுக்கு இன்றைக்கும் அதுதான் நம்பகமான வழி.

கேள்வி: தலைப்பை போல்டாக்கிப் பெரிதாக்கினால் போதாதா?

பதில்: போதாது. அது கண்ணுக்கு மட்டும் தலைப்பு. வேர்டின் ஸ்டைல்ஸில் போய் ஹெடிங் 1, ஹெடிங் 2 என்று கொடுத்தால்தான் நான் எச் விசையைத் தட்டித் தட்டித் தலைப்பு தலைப்பாகத் தாவ முடியும், இல்லாவிட்டால் கடைசிப் பக்கத்தில் இருப்பது கிடைக்க முதல் பக்கத்திலிருந்தே கேட்டுக்கொண்டு வர வேண்டும். அப்படியே, அடுத்த பக்கம் போக என்டரை வரிசையாக அழுத்துகிற பழக்கத்தையும் விடுங்கள். எனக்கு "பிளாங்க், பிளாங்க், பிளாங்க்" என்றுதான் கேட்கும். கன்ட்ரோல் என்டர் எதற்கு இருக்கிறது?

கேள்வி: பள்ளி ஆசிரியை நான். பாடக்குறிப்பில் படங்களுக்கு என்ன எழுதுவது சார்?

பதில்: படம் அங்கே எதற்காக இருக்கிறதோ அதை எழுதுங்கள் டீச்சர். ஆல்ட் டெக்ஸ்டில், அதாவது படத்துக்குப் பதிலாக எங்களுக்கு வாசிக்கப்படும் விளக்கத்தில், 'இதயத்தின் படம்' என்று மட்டும் போட்டால் பிள்ளைக்கு ஒன்றும் கிடைக்காது. 'வலது கீழறையிலிருந்து நுரையீரல் தமனி வழியாக ரத்தம் நுரையீரலுக்குப் போகிறது' என்றால் பாடம் புரியும். தேர்வுத்தாளில் மட்டும் கவனம், விவரிக்கிற சாக்கில் விடையையே சொல்லிவிடக் கூடாது. ஓரத்துப் பூவேலைக்கெல்லாம் விளக்கம் வேண்டாம், அலங்காரம் என்று குறித்துவிடுங்கள். கணக்குச் சமன்பாட்டைப் படமாக ஒட்டாமல் வேர்டின் ஈக்வேஷன் வசதியிலேயே அடியுங்கள்.

கேள்வி: அட்டவணை?

பதில்: டேப் தட்டி இடைவெளி விடாமல் நிஜமான டேபிள் போடுங்கள், முதல் வரிசையை ஹெடர் என்று குறியுங்கள், கட்டங்களை மெர்ஜ் செய்யாதீர்கள்.

கேள்வி: குடியிருப்போர் சங்க நோட்டீஸை வாட்ஸப்பில் படமாகத்தான் போடுகிறோம்.

பதில்: எனக்கு வருவது 'போட்டோ' என்ற ஒரு சொல் மட்டும். தண்ணீர் எப்போது வராது என்பதைக் கீழே நாலு வரி டைப் செய்துவிடுங்கள்.

கேள்வி: பார்வையற்ற நண்பருக்காக ஒரு நாவலை ஸ்கேன் செய்து தரலாமா, காப்புரிமைப் பிரச்சினை வருமா?

பதில்: அவர் படிப்பதற்காகத் தாராளமாகச் செய்யலாம். 2012 திருத்தத்தில் நம் காப்புரிமைச் சட்டமே இதற்கு இடம் கொடுத்துவிட்டது. இதே நோக்கத்துக்கான மராகேஷ் உடன்படிக்கையை 2014இல் உலகிலேயே முதலாவதாக ஏற்புறுதி செய்த நாடும் இந்தியாதான். வெறும் ஸ்கேன் எங்களுக்கு வெள்ளைத்தாள் மாதிரி. கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் தமிழ் அச்சு ஓரளவு நன்றாகவே எழுத்தாகிவிடும், பிழைதிருத்தம் மட்டும் உங்கள் வேலை. பார்வையற்றோருக்கான இணைய நூலகமான சுகம்ய புஸ்தகாலயாவில் அந்த நூல் ஏற்கனவே இருக்கிறதா என்றும் முதலில் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

கேள்வி: நாங்களே என்விடிஏ போட்டுச் சோதிக்கலாமா?

பதில்: கண்டிப்பாக. இலவசம்தான், கூடவே வரும் ஈஸ்பீக் என்ற பேச்சு மென்பொருளில் தமிழ்க் குரலும் உண்டு, கொஞ்சம் ரோபோ மாதிரி பேசும். மானிட்டரை அணைத்துவிட்டு உங்கள் ஃபைலில் ஒரே ஒரு தகவலைத் தேடிப் பாருங்கள். பேச்சை எப்படி நிறுத்துவது என்று தெரியாமல் கம்ப்யூட்டரையே ரீஸ்டார்ட் செய்தவர்கள் உண்டு, அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன்: கன்ட்ரோல் அழுத்தினால் வாயை மூடும், இன்சர்ட்டோடு கியூ அழுத்தி என்டர் தட்டினால் வெளியேறிவிடும்.