ராஸ்பெர்ரி: பெனோனியிலிருந்து சில பதில்கள்

தென்னாப்பிரிக்காவில் ஜோஹானஸ்பர்க் பக்கத்து ஊரான பெனோனியில் வீட்டுப் பின்புறத்தில் பதினோரு வருடமாக ராஸ்பெர்ரி வளர்க்கிறேன். இங்கே ஜூன், ஜூலைதான் குளிர்காலம். வேலியோரம் ஒரே வரிசை, அவ்வளவுதான். கேட்டவர்களின் ஊரையும் சேர்த்தே போட்டிருக்கிறேன். இந்தச் செடிக்குப் பாதிப் பதில் ஊரிலேயே இருக்கிறது.

சாட்ஸ்வொர்த்: அண்ணா, எங்கள் வீட்டில் கறிவேப்பிலை, முருங்கை, மா எல்லாம் அள்ளிக் கொடுக்கிறது. ராஸ்பெர்ரி மட்டும் இரண்டு தடவை வைத்தும் இலையாகவே நின்று காய்ந்துவிட்டது. என் கைராசியா?

கைராசி இல்லை அக்கா, டர்பன் காற்று. இந்தச் செடி குளிரில் நன்றாகத் தூங்கி எழுந்தால்தான் ஒழுங்காகப் பூக்கும். பழைய கோடைப்பழ வகைகளுக்கு 7 டிகிரிக்குக் கீழே 800 மணி நேரத்துக்கு மேல் குளிர் வேண்டும். உங்கள் ஊரில் ஜூலை இரவுகூடப் பெரும்பாலும் பத்து டிகிரிக்குக் கீழே இறங்காது. அப்படியே நாலு பழம் வந்தாலும், கோடைப் புழுக்கத்தில் சாம்பல் பூசணம் பிடித்துவிடும். ஆசை விடவில்லை என்றால் இலையுதிர்காலத்தில் காய்க்கும் வகை ஒன்றைத் தொட்டியில், காலை வெயில் மட்டும் படும் இடத்தில் வைத்துப் பாருங்கள். நானாக இருந்தால் மல்பெரி நட்டுவிட்டு நிம்மதியாக இருப்பேன். என் கறிவேப்பிலையை ஒவ்வொரு ஜூனிலும் தொட்டியோடு வீட்டுக்குள் தூக்கிக்கொண்டு ஓடுகிறேன். உங்களுக்கு அது மரமாக நிற்கிறது. கணக்கு சரியாகிவிட்டது.

லெனேசியா: எந்த வகை வாங்குவது? எப்போது நடுவது?

முதல் தடவை என்றால் இலையுதிர்கால வகை. நான் வைத்திருப்பது ஹெரிட்டேஜ். அமெரிக்காவில் 1969-இல் வெளியிட்ட பழைய வகை, இன்னும் சலிக்காமல் காய்க்கிறது. ஒரே செடி போதும், தன் மகரந்தத்திலேயே காய் பிடிக்கும்.

வேர் மட்டும் உள்ள கன்றை ஜூலை, ஆகஸ்டில் நடுங்கள். "ஆடிப்பட்டம் தேடி விதை" என்று தாத்தா சொல்லிக்கொண்டே இருப்பார். அது காவிரிக் கரைக்குச் சொன்னது; இங்கே ஆடியில் உறைபனி விழும். ஆனால் ராஸ்பெர்ரிக்கு மட்டும் பழமொழி பொருந்திவிடுகிறது, கன்று தூங்கும்போதே இடம் மாற்றிவிடலாம். செடிக்குச் செடி அரை மீட்டர், வரிசைக்கு வரிசை இரண்டு மீட்டர். ஆழமாகப் புதைக்க வேண்டாம். தண்ணீர் தேங்கும் பள்ளம் அறவே கூடாது, வேர் அழுகிவிடும். களிமண் என்றால் முழங்கால் அளவுக்கு மேட்டுப்பாத்தி கட்டிவிடுங்கள்.

மிட்ராண்ட்: சார், நாங்கள் சென்னையிலிருந்து வந்து இரண்டு வருடம் ஆகிறது. வாடகை வீட்டில் ஏற்கெனவே ராஸ்பெர்ரி இருக்கிறது. எல்லாத் தண்டையும் தரையோடு வெட்டிவிடு என்கிறார் ஒருவர், தொடாதே என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?

இரண்டு பேரும் சரி, வேறு வேறு செடியைப் பற்றிப் பேசுகிறார்கள். இதில்தான் எல்லோரும் மாட்டிக்கொள்கிறோம், நானும் மாட்டினேன்.

வேர் பல வருடம் இருக்கும். தண்டின் ஆயுள் இரண்டே வருடம். கோடைப்பழ வகையில் தண்டு முதல் வருடம் வெறுமனே வளரும், குளிரைத் தாண்டி அடுத்த கோடையில் காய்க்கும், அப்புறம் செத்துப்போகும். இலையுதிர்கால வகை அதே வருடத்திலேயே நுனியில் காய்க்கும். நம் பக்கம் பிப்ரவரி வாக்கில் தொடங்கி உறைபனி வரும்வரை.

இலையுதிர்கால வகையை ஜூலைக் கடைசியில் தரையோடு ஒட்ட வெட்டலாம், ஒன்றும் ஆகாது. வெட்டாமல் நுனியை மட்டும் கழித்துவிட்டால், அதே தண்டின் கீழ்ப்பாதி நவம்பர், டிசம்பரில் இன்னொரு முறை கொஞ்சம் கொடுக்கும். இரண்டு அறுவடைக்கு ஆசைப்பட்டு புதர் மண்டிப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு ஒன்றே போதும்.

கோடைப்பழ வகையை அப்படி வெட்டினால் அந்த வருடப் பழம் போச்சு. என் முதல் செடிக்குச் சீட்டில் பெயரே இல்லை. முதல் குளிர்காலத்தில் ஆசையாக மொத்தத்தையும் மொட்டையடித்தேன். அந்த வருடம் ஒரு பழம்கூட இல்லை, வீட்டில் கிண்டல்தான் மிச்சம். இதில் காய்த்து முடிந்த தண்டை மட்டுமே எடுக்க வேண்டும். குளிர்காலத்தில் எல்லாத் தண்டும் பழுப்பாகத் தெரியும், அடையாளம் குழம்பும். அதனால் பழம் பறிக்கும்போதே அந்தத் தண்டில் சிவப்பு நூல் கட்டிவிடுகிறேன்.

உங்களுக்கு எந்த வகை என்று தெரியாதே? இந்த ஒரு வருடம் கத்தரியைத் தொடாதீர்கள். பிப்ரவரி, மார்ச்சில் புதுத் தண்டின் நுனியில் பழம் வந்தால் இலையுதிர்கால வகை.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்: கத்திரிக்காய் போட்ட பாத்தி காலியாக இருக்கிறது. நல்ல எரு போட்ட மண். அதில் வைக்கட்டுமா அய்யா?

வேண்டாம் அம்மா. கத்திரி, தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு இவற்றைத் தாக்கும் வாடல் பூஞ்சை மண்ணிலேயே பல வருடம் உயிரோடு இருந்து ராஸ்பெர்ரியையும் பிடிக்கும். நம் வீடுகளில் மிளகாய் போடாத மூலை எங்கே இருக்கிறது என்கிறீர்களா? மக்காச்சோளமோ பீன்ஸோ போட்ட இடம் பாருங்கள், இல்லையென்றால் புல்வெளியில் ஒரு துண்டை வெட்டி எடுங்கள்.

ஆக்டன்வில்: பிராய் (வெளியில் விறகு மூட்டிக் கறி சுடுவது) போட்ட சாம்பலைத் தவறாமல் வேரில் கொட்டுகிறேன். இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது.

காரணத்தை நீங்களே சொல்லிவிட்டீர்கள் தம்பி. சாம்பல் மண்ணின் காரத்தைக் கூட்டும். ராஸ்பெர்ரி கேட்பது லேசான புளிப்பு மண், பிஎச் 5.5 முதல் 6.5 வரை. காரம் ஏறினால் மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாது. சாம்பலை நிறுத்திவிட்டு மக்கிய இலையும் கம்போஸ்டும் போடுங்கள். சிமெண்ட் சுவரை ஒட்டி வைத்திருந்தால் கொஞ்சம் தள்ளியும் வையுங்கள்.

லாடியம்: பழத்தில் சில மணிகள் மட்டும் வெள்ளையாக இருக்கின்றன. நோயா? குழந்தைகள் சாப்பிடலாமா?

தாராளமாகச் சாப்பிடலாம். அது வெயில் சுட்ட தழும்பு. மேட்டுநிலத்தில் வெயில் கடுமை. மேகமூட்டமாக இருந்து திடீரென்று சுள்ளென்று அடித்தால் இப்படி ஆகும். மெல்லிய வெள்ளை வலை கட்டினால் குறையும், ஆலங்கட்டி மழைக்கும் அதுவே காவல். பழம் கையில் எடுத்ததும் உதிர்ந்து பொடிப்பொடியானால் அது வேறு விஷயம். ஒவ்வொரு மணிக்கும் தனித்தனியாக மகரந்தம் சேர வேண்டும்; தேனீ வராவிட்டால் அப்படி ஆகலாம், வைரஸாகவும் இருக்கலாம். பூக்கும் நேரத்தில் பூச்சிமருந்து அடிக்காதீர்கள். வருடா வருடம் அப்படியே உதிர்ந்தால் செடியைத் தோண்டி எறிந்துவிடுங்கள்.

ஃபீனிக்ஸ்: ஊருக்குப் போனபோது கொடைக்கானல் பக்கம் காட்டு ராஸ்பெர்ரி பார்த்தேன். கறுப்பாக, ருசியாக இருந்தது. அடுத்த தடவை ஒரு குச்சி பெட்டியில் வைத்துக் கொண்டுவரலாமா?

கூடாது. செடி, விதை எதுவானாலும் இறக்குமதி அனுமதி இல்லாமல் விமான நிலையத்தைத் தாண்டக் கூடாது. நீங்கள் பார்த்தது மைசூர் ராஸ்பெர்ரி என்று நினைக்கிறேன். குளிர் அதிகம் கேட்காது, டர்பனில் வளர்ந்தே விடும். சிக்கலே அதுதான். கலாபகோஸ் தீவுகளில் அதைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, காட்டையே மூடிவிட்டது என்று இன்றுவரை வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் க்வாசுலு-நட்டால் மாகாணத்தில் அமெரிக்க முட்செடி பரவி மேய்ச்சல் நிலத்தை விழுங்குவது போதாதா?

பிரிட்டோரியா: பறவைகளை எப்படித் தடுப்பது?

வலைதான். டாப்பி என்று நாம் கூப்பிடும் கொண்டைக்குருவியும், நீள வால் மவுஸ்பேர்டும் நமக்கு முன்னாலேயே எழுந்துவிடும். கண் சிறிய வலையாக வாங்கி இழுத்துக் கட்டுங்கள். தொளதொளவென்று விட்டால் பறவையும் பாம்பும் சிக்கிச் சாகும். சி.டி. தட்டு தொங்கவிட்டுப் பார்த்தேன், மூன்றாம் நாள் அதன் மேலேயே உட்கார்ந்திருந்தது.

லெனேசியா: பழுத்ததா என்று எப்படித் தெரியும்? அச்சார் (ஊறுகாய்) போடலாமா?

தொட்டதும் கையோடு வரவேண்டும். நடுத்தண்டு செடியிலேயே நின்றுவிடும், பழம் தொப்பி மாதிரி உள்ளே வெறுமையாக இருக்கும். இழுக்க வேண்டியிருந்தால் இன்னும் இரண்டு நாள் விடுங்கள். பறித்த பிறகு பழுக்காது. பனி காய்ந்த பிறகு பறித்து, சாப்பிடும்போது மட்டும் கழுவுங்கள். அச்சாருக்கு இது தாங்காது, கரைந்துவிடும். என் வீட்டில் பச்சை மிளகாயும் கொஞ்சம் வெல்லமும் சேர்த்துச் சட்னியாகக் கொதிக்க வைப்பார்கள். தோசைக்கு ஆகாது, ஆட்டுக்கறி சாப்ஸுக்கு ஆகும்.

பெனோனி: அண்ணா, உங்கள் பக்கத்துத் தெருதான். வேலிக்கு அடியில் புகுந்து பக்கத்து வீட்டில் கன்று முளைத்துவிட்டது. அவர் முகம் சரியில்லை.

வேர் மேலாகவே ஓடும், அதனால் முளைக்கத்தான் செய்யும். வேலியோரம் ஒரு மண்வெட்டி ஆழத்துக்குத் தோண்டி, தகடோ கனமான பிளாஸ்டிக்கோ இறக்கிவிடுங்கள். முளைத்ததை வேரோடு பெயர்த்து எனக்குக் கொடுங்கள், அடுத்த ஆடிக்கு இரண்டு பேர் கேட்டு வைத்திருக்கிறார்கள். அவருக்கு ஒரு கிண்ணம் பழம் கொண்டுபோய்க் கொடுங்கள், வலை கட்டுவதற்கு முன்னாலேயே.