பழைய எண்ணெயில் பயோடீசல்: வினையூக்கி பற்றிய கேள்வி பதில்

கேள்வி: வினையூக்கி தீர்ந்துபோகாது என்றுதான் படித்தோம். பயோடீசல் செய்ய வினையூக்கியாகப் போடும் காஸ்டிக் சோடா (சோடியம் ஹைட்ராக்சைடு), பஜ்ஜி பொரித்த எண்ணெய்க்கு மட்டும் ஏன் கூடுதலாகத் தேவைப்படுகிறது?

பதில்: நியாயமான சந்தேகம். எண்ணெயோடு வினைபுரியச் சேர்க்கும் மெத்தனால் என்ற ஆல்கஹாலில் கரையும் சோடா மெத்தாக்சைடு அயனியைத் தருகிறது. அது எண்ணெய் மூலக்கூறிலுள்ள மூன்று கொழுப்பு அமிலச் சங்கிலிகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றி மெத்தில் எஸ்டராக்குகிறது. அந்த எஸ்டர்தான் பயோடீசல். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் அயனி மீண்டுவிடும். ஆனால் பலமுறை காய்ந்த எண்ணெயில் தனித்த கொழுப்பு அமிலம் சேர்ந்திருக்கும். சோடா முதலில் அதோடு சேர்ந்து சோப்பாகும். அது வினையூக்கம் அல்ல, அமில கார வினை. அதில் போன சோடா போனதுதான். புது எண்ணெய்க்கு லிட்டருக்கு 3.5 கிராம் போதும். பழையதற்கு அமிலம் தின்னும் அளவையும் சேர்க்க வேண்டும்.

கேள்வி: அந்தக் கூடுதலை எப்படிக் கண்டுபிடிப்பது, சார்?

பதில்: ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் 1 கிராம் சோடாவைக் கரையுங்கள். 10 மில்லி ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் இரண்டு சொட்டு பினாப்தலீன் (காரம் மிஞ்சினால் இளஞ்சிவப்பாகும் நிறங்காட்டி) விட்டு, இளஞ்சிவப்பு லேசாக எட்டிப்பார்க்கும்வரை சோடாக் கரைசலைச் சொட்டுங்கள். ஆல்கஹாலின் சொந்த அமிலம் இதில் கழிந்துவிடும். பிறகு 1 மில்லி எண்ணெய் சேர்த்தால் நிறம் மறையும். அது திரும்ப வந்து 15 நொடி நிற்கும்வரை மறுபடி சோடாக் கரைசல் எத்தனை மில்லி செலவானதோ, லிட்டருக்கு அத்தனை கிராம் கூடுதல். 2.5 மில்லி என்றால் மொத்தம் 6 கிராம். 5 மில்லியைத் தாண்டினால் சோடாவை ஏற்றாதீர்கள், சோப்புதான் மிஞ்சும். முதலில் கந்தக அமிலத்தை வினையூக்கியாக வைத்து அந்த அமிலங்களை எஸ்டராக்க வேண்டும்.

கேள்வி: அளவு சரியாகப் போட்டும் கூழாகிவிட்டது.

பதில்: பெரும்பாலும் எண்ணெயில் இருந்த தண்ணீர்தான் காரணம். எண்ணெயை 110 டிகிரிக்குச் சூடாக்கி, சடசடப்பு அடங்கும்வரை வைத்து ஆறவிடுங்கள். சோடா டப்பாவையும் பாருங்கள்: கட்டிதட்டியிருந்தால் அது காற்றின் ஈரத்தைக் குடித்துவிட்டது, எடை பொய்.

கேள்வி: வினையூக்கி இருக்கும்போது மெத்தனால் ஏன் இவ்வளவு?

பதில்: வினையூக்கி வேகத்தைத்தான் கூட்டும், சமநிலையை, அதாவது வினை எந்த அளவு முன்னேறி நிற்கும் என்பதை, நகர்த்தாது. கணக்குப்படி லிட்டருக்குச் சுமார் 125 மில்லி போதும். 200 மில்லி ஊற்றுவது வினையை முன்னோக்கித் தள்ளத்தான். வெப்பம் 55 டிகிரி. மெத்தனால் 64.7-ல் கொதித்துவிடும், அதனால் மூடிய கலன் வேண்டும். அடுப்புத் தீ அருகில் கூடவே கூடாது; மெத்தனால் தீ பகலில் கண்ணுக்கே தெரியாது. உள்ளே போனால் பார்வை பறிபோகும். அலுமினியப் பாத்திரம் வேண்டாம், சோடா அதை அரித்து ஹைட்ரஜனை வெளியேற்றும்.

கேள்வி: வினை முடிந்ததா என்று எப்படித் தெரியும்?

பதில்: ஒரு மணி நேரம் கலக்கி, இரவு முழுக்க விட்டால் கிளிசரின் அடியில் கருமையாகத் தங்கும். மேல் அடுக்கில் 3 மில்லியை 27 மில்லி மெத்தனாலில் விடுங்கள். தெளிவாகக் கரைந்தால் நல்லது, அடியில் எண்ணெய்த் துளி நின்றால் வினை முடியவில்லை. மெத்தனாலை 20 டிகிரிக்குக் குளிர்வித்துச் செய்யுங்கள். நம் ஊர் வெயிலில் வினைப்படாத எண்ணெயும் கொஞ்சம் கரைந்து ஏமாற்றிவிடும்.

கேள்வி: சோடாவைத் திரும்ப எடுக்க முடியாதா?

பதில்: பெரும்பகுதி கிளிசரினோடு போய்விடும், மீதி கழுவும் நீரில். அதனால்தான் திண்ம வினையூக்கிகளைத் தேடுகிறார்கள். முட்டை ஓட்டை 900 டிகிரியில் சுட்டால் கால்சியம் ஆக்சைடு; வடிகட்டி மறுபடி பயன்படுத்தலாம். ஆனால் காற்றுப்பட்டால் மேற்பரப்பு மீண்டும் கார்பனேட் ஆகிச் செயலிழக்கும். சுட்டதும் காற்றுப்புகாமல் மூடி வையுங்கள்.